ஃபார்மேட் அடிப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்

கேள்வி: 2016-ல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்து டெஸ்க்டாப் வந்த பிறகும் பத்து நிமிடத்துக்கு எதைத் தொட்டாலும் திறப்பதில்லை. சர்வீஸ் செய்பவர், "ஃபார்மேட் அடித்து விண்டோஸ் 11 போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். அண்ணன் மகன் லினக்ஸ் போடச் சொல்கிறான். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்பதும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது? இன்னொன்று, ஒரு பெரிய அப்டேட் வந்ததிலிருந்து என் ஆண்ட்ராய்டு போனும் அடிக்கடி ஹேங் ஆகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்துவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் லேப்டாப்பின் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில் இல்லை, ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அப்படியானால் ஃபார்மேட் அடித்தாலும் சில வாரம்தான் வேகமாக இருக்கும். விண்டோஸ் 11 போட்டால் அந்தச் சில வாரமும் கிடைக்காது. ஆனால் என் ஊகத்தை நம்பி எதையும் செய்ய வேண்டாம். மெஷின் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதை அதுவே காட்டும், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

லேப்டாப்பை ஆன் செய்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், இடப்பக்கம் இருக்கும் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் கவனியுங்கள். சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா கிடக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், விஷயம் தெரிந்துவிட்டது. அந்த 100 சதவீதம் எவ்வளவு டேட்டா போகிறது என்பதைக் காட்டுவதல்ல. டிஸ்க் ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் வேலையில் இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. அதே பக்கத்தில் கீழே ரீட் ஸ்பீடு என்று இருக்கும். டிஸ்க் 100-ல் இருக்கும்போதே அது நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று நொண்டுவதைப் பார்ப்பீர்கள்.

ஏன் இப்படி? லேப்டாப்புக்கான ஹார்டு டிஸ்க் வழக்கமாக நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்டு. வேண்டிய தகவல் அதைப் படிக்கும் ஊசிக்கு அடியில் வந்து சேர வேண்டும், அதற்கு முன் ஊசி சரியான இடத்துக்கு நகர வேண்டும். இரண்டும் சேர்ந்தால், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறு முறைகூட அதனால் எடுத்துத் தர முடியாது. பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி செய்யச் சொன்னால் நன்றாகவே ஓடும், ஏனென்றால் அது தொடர்ச்சியாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும் நேரத்தில் கேட்பதெல்லாம் சின்னத் துண்டுகள்தான், அதுவும் ஆயிரக்கணக்கில். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒரு பக்கம் ஸ்கேன் செய்யும், அப்டேட் ஒரு பக்கம் தேடும், உங்கள் பிரவுசர் ஒரு பக்கம் திறக்கப் பார்க்கும். எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் எதுவுமே இல்லை. ஒரு துண்டை எடுக்க அதற்கு ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். அதனால்தான் பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றியவர்கள் புது மெஷின் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அதில் மிகை இல்லை.

டிஸ்க் பக்கத்திலேயே ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்றும் ஒன்று இருக்கும். வேலை நடக்கும்போது அது பத்து, முப்பது மில்லிசெகண்டு என்று இருந்தால் வழக்கமான மந்தம்தான். நூறு, ஆயிரம் என்று எகிறி, ரீட் ஸ்பீடு பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் தன்னைப் பற்றிக் குறித்து வைத்திருக்கும் விவரங்களைப் பார்க்கலாம். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட இடங்கள்), கரண்ட் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளிலும் ரா வேல்யூஸ் என்ற எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங் செக்டர் பூஜ்யமாக இல்லாவிட்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வெளியே எடுங்கள். அந்த நிலையில் டிஸ்க்கை ஃபார்மேட் அடிப்பது ஆபத்து. இருப்பதும் போய்விடும், டிஸ்க்கும் தேறாது.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் பேக்கப் முக்கியம். எந்த மாற்றத்துக்கும் முன்பு, லேப்டாப்புக்கு வெளியே ஒரு பிரதி இருக்க வேண்டும். எடுத்து முடித்ததும் அந்தப் பிரதியிலிருந்து இரண்டு மூன்று ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இதில் ரேமையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 4 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், திரும்ப எடுக்கும். அப்போது டிஸ்க் 100-ல் நிற்பதற்குக் காரணம் ரேம் பற்றாக்குறைதான், குற்றம் டிஸ்க்கின் மேல் விழுகிறது. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்திருக்கும்போது மெமரி 90 சதவீதத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் 8 ஜிபி ஆக்குவதும் தேவை. மெமரி பக்கத்திலேயே ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில், இரண்டில் ஒன்று என்று காட்டினால் பெரும்பாலும் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது என்று அர்த்தம். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. வாங்குவதற்கு முன் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டி-யை முதலில் செய்யுங்கள்.

டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கும்போதே சிபியு பக்கத்தில் அப் டைம் என்பதையும் பாருங்கள். தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறவர்களுக்குக்கூட அதில் இருபது நாள் என்று காட்டும். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுவதுமாக அணைவதில்லை, தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அங்கிருந்தே தொடர்கிறது. அதனால் சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தால் நாள் கணக்கில் அப்படியே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக அணைந்து எழும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அப்புறம் ஸ்டார்ட்அப் பகுதி. அங்கே ஹை என்று குறித்திருப்பவற்றில் உங்களுக்குத் தினமும் ஆன் செய்த உடனே தேவைப்படாததையெல்லாம் டிஸேபிள் செய்யுங்கள். டச்பேட், ஆடியோ தொடர்பானவற்றை விட்டுவிடுங்கள். காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ரெஜிஸ்ட்ரி கிளீனர், விண்டோஸைக் கசக்கிப் பிழிந்து வேகமாக்கும் ஸ்கிரிப்ட் என்று கிடைப்பவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை அணைத்து வைக்கும் சர்வீஸ்களின் விளைவு மாதங்கள் கழித்து, பிரிண்டர் வேலை செய்யவில்லை, அப்டேட் நிற்கிறது என்று வேறு உருவத்தில் வரும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

சரி, இப்போது எந்த ஓஎஸ் என்ற கேள்விக்கு வருவோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. மெஷின் ஓடாமல் நின்றுவிடாது, ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. வீட்டு உபயோகத்துக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் தேவை, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். அவகாசம் இருந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள், யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனால் அதையே தீர்வாக எடுத்துக்கொள்ள முடியாது.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், ஆன் ஆகும்போதே நம்பகமான ஓஎஸ்தானா என்று சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இதையெல்லாம் தாண்டி சிபியு பட்டியல் ஒன்றும் இருக்கிறது. இன்டெல் என்றால் சில விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான். 2016 லேப்டாப்பில் ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோதான் இருக்கும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் உறுதியாகச் சொல்லிவிடும். இந்தச் சோதனையைத் தாண்டிப் போட வழிகள் உண்டு, உங்கள் சர்வீஸ்காரர் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வந்துசேரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தான் மாறுகிறோம், அதற்கே உத்தரவாதம் இல்லை என்றால் மாறி என்ன பயன்? மற்றவர் மெஷினில் இதைப் போட்டுக்கொடுக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் அண்ணன் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரவுசர், மெயில், வீடியோ, எழுத்து வேலை இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போதும். அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. பார்க்கும்போது வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பென் டிரைவ் மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, மூடியை மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். ஆனால் பழைய ஃபாண்டுகளில் அடித்த ஆவணங்கள் நிறைய வைத்திருந்தாலோ, விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பி வேலை செய்தாலோ லினக்ஸுக்கு முழுதாக மாற அவசரப்பட வேண்டாம். அந்த ஒரே மென்பொருள் உங்களைத் தினமும் படுத்தும்.

இரண்டும் இருக்கட்டும் என்று டூயல் பூட் செய்வதானால், முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இல்லாவிட்டால் அரைத்தூக்கத்தில் இருக்கும் விண்டோஸ் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாது. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைக்காமல் பயாஸில் (ஓஎஸ் ஏறுவதற்கு முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளில்) கை வைக்கக் கூடாது. கீ இல்லாமல் பூட்டிக்கொண்டால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாது.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது: பேக்கப் எடுத்து, 2.5 இன்ச் சாட்டா (ஹார்டு டிஸ்க் இணையும் அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, அதில் புதிதாக ஓஎஸ் ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் பத்து வருடக் குப்பையும் கூடவே வரும், அது வேண்டாம். விண்டோஸ் 10-ஐயே மறுபடி போட்டால் லைசென்ஸ் பற்றிக் கவலையில்லை. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினாலும் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். நீட்டிப்பு முடிவதற்குள் பென் டிரைவில் மின்ட்டைப் பழகிப் பாருங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைச் சில மாதம் அழிக்காமல் வைத்திருங்கள், பேக்கப்பில் விட்டுப்போனது ஏதாவது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

போனுக்கும் இதே வரிசைதான், ரீசெட் கடைசி. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஓரிரு நாள் போன் பின்னணியில் ஆப்களைத் திரும்பத் தயார் செய்யும், போட்டோக்களைத் திரும்ப அட்டவணைப்படுத்தும். சூடாவதும் மந்தமாவதும் அப்போது இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால் ஸ்டோரேஜைப் பாருங்கள், பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். பிறகு சேஃப் மோடு: பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் கேட்கும். அதில் நீங்கள் இறக்கிய ஆப்கள் எதுவும் ஓடாது. சேஃப் மோடில் போன் நன்றாக ஓடினால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். பிளே ஸ்டோரில் குரோமையும் ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவையும் அப்டேட் செய்யுங்கள். 2021 மார்ச்சில் வெப்வியூவில் ஏற்பட்ட ஒரு கோளாறால் உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. கூகுள் சரியான அப்டேட்டை வெளியிட்டு அதைத் தீர்த்தது.

சேஃப் மோடிலும் ஹேங் ஆனால் ரீசெட் செய்யலாம். அது உங்கள் டேட்டாவை அழிக்குமே தவிர, பழைய ஆண்ட்ராய்டு பதிப்புக்குத் திரும்பக் கொண்டுபோகாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். முன்பே வாட்ஸ்அப் பேக்கப்பை எடுத்து, அதன் தேதி இன்றையதுதானா என்று பாருங்கள். ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் ஓடிபி எடுப்பவராக இருந்தால், முதலில் அதை இன்னொரு போனுக்கு மாற்றுங்கள் அல்லது பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரீசெட் முடிந்ததும் போன் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும். நினைவிலிருந்து தட்டிப் பார்த்து உறுதி செய்த பிறகே ரீசெட் பட்டனைத் தொடுங்கள்.