மூன்று கடைகள், மூன்று வைத்தியங்கள்

கேள்வி: என் ஏழு வயது மகளின் பிறந்தநாளுக்கு ஓர் உருண்டைக் கண்ணாடிச் சாடியும், இரண்டு கோல்ட் பிஷ்களும், ‘அழுக்கையெல்லாம் தின்றுவிடும்’ என்று சொல்லி விற்ற ஒரு டேங்க் கிளீனர் மீனும் வாங்கினோம். தண்ணீரைத் தினமும் முழுதாக மாற்றச் சொன்னார் கடையில் நின்ற தம்பி. பத்தாம் நாளளவில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. இரண்டாவது கடையில், மாற்றியதுதான் பிழை, ஒரு மாதத்துக்குத் தொடவே வேண்டாம் என்றார்கள். மூன்றாவது கடையில் ஒரு நீல மருந்து தந்தார்கள். கோல்ட் பிஷ் இரண்டும் இறந்துவிட்டன. மற்றது மட்டும் சாடியில் இருக்கிறது. கடைக்காரரோடு சண்டை பிடிப்பதா? ‘நான் கூடச் சாப்பாடு போட்டதாலா அம்மா?’ என்று மகள் கேட்கிறாள். (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: அன்புச் சகோதரி, மகளின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. தேவைக்கு மேல் போட்ட உணவு தண்ணீரைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாடியில் அளந்து போட்டிருந்தாலும் அவை நெடுநாள் இருந்திருக்க மாட்டா. அதை அவளிடம் இப்படியே சொல்லுங்கள். மீன் ஊருக்குப் போய்விட்டது என்று கதை சொல்ல வேண்டாம்; ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எடுபடாது.

நடந்தது இதுதான். மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும், மிஞ்சிய உணவு அழுகுவதாலும் அமோனியா தண்ணீரில் சேருகிறது. பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அதனை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். இந்த நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் அடியில் போடும் கற்களிலும் குடியேறிப் பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். உங்கள் சாடியில் வடிகட்டியும் இல்லை, அந்த வாரங்களும் கொடுக்கப்படவில்லை. அமோனியாவுக்கு நிறம் கிடையாது என்பதால், பளிங்குபோல் தெளிந்த தண்ணீரிலும் மீனின் செவுள் வெந்துபோகலாம். கொழும்பின் வெக்கையில் இது இன்னும் மோசம்: தண்ணீர் சூடாக இருக்கும்போது அதில் கரையும் ஒட்சிசன் குறைகிறது, அமோனியாவின் நச்சுத்தன்மையோ கூடுகிறது. கோல்ட் பிஷ் இயல்பிலேயே குளிர்ந்த தண்ணீரை விரும்பும் மீன். உங்கள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தது பசியால் அல்ல, மூச்சுக்காக.

இனி அந்த மூன்று வைத்தியங்களைப் பார்ப்போம். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் குழம்பியதற்கு அதுவே காரணம். தண்ணீரை மாற்றினால் அமோனியா குறையும் என்பது சரி. ஆனால் குழாய் நீரில் குளோரின் இருக்கிறது. அதைத் தெளிய வைக்காமலோ குளோரின் நீக்கும் துளிமருந்து விடாமலோ முழுச் சாடியையும் நிரப்புவது ஏற்கெனவே புண்பட்ட செவுளில் மீண்டும் கை வைப்பது போன்றது. இரண்டாவது கடைக்காரர் நுண்ணுயிர்களைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். அவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை, பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கின்றன என்ற மிச்சப் பாதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நீல மருந்து பூஞ்சணத்துக்கு நல்லது. உங்கள் மீனுக்குப் பூஞ்சணம் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. போதாக்குறைக்கு அந்த மருந்து பயனுள்ள நுண்ணுயிர்களையும் பாதிக்கும்.

சண்டை பிடிக்கப் போகாதீர்கள். கடையில் நிற்கும் தம்பி உங்களை ஏமாற்ற நினைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அவர் கையில் மீன் இருப்பது சில நாட்கள்தான்: பொதி வருகிறது, தொட்டியில் விடுகிறார், விற்கிறார், அடுத்த பொதி வருகிறது. மூன்றாம் நாள் மீனை அவர் நன்றாக அறிவார். மூன்றாம் வாரத்து மீனை அவர் கண்டதே இல்லை, ஏனென்றால் அது அப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது. சாவதும் அங்கேதான். செத்த மீனைப் பற்றி வந்து சொல்பவர்கள் குறைவு; வருபவர்களும் பெரும்பாலும் புது மீன் வாங்கத்தான் வருகிறார்கள். பிறகு அவர் எங்கே கற்றுக்கொள்வது? ஒருமுறை நானும், விசிறி இல்லாமல் மனிதர் உறங்க முடியாத ஏப்ரல் மாதத்தில், கடைக்காரர் சொன்னார் என்று தொட்டிக்கு ஹீற்றர் வாங்கி வந்தேன். குளிர்நாட்டுப் பெட்டியில் அச்சடித்திருந்ததை அவர் வாசித்தார், நான் தலையாட்டினேன்.

ஆகவே அவருக்குத் தெரிந்ததை மட்டும் அவரிடம் கேளுங்கள். இந்த மீன் எப்போது வந்தது? என்ன தின்கிறது? என் கண்முன்னால் ஒரு சிட்டிகை போட முடியுமா? அதே தொட்டியின் மூலையில் செத்த மீன் கிடக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எத்தனை வருடம் வாழும், எவ்வளவு வளரும், எதனோடு சேரும் என்பவற்றை, வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டிகளில் கப்பி மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள் போன்றோரிடம் கேளுங்கள். இலங்கையிலிருந்து அலங்கார மீன்கள் ஏற்றுமதியாகின்றன. அந்தத் தொழில் அப்படியான கைகளில்தான் நிற்கிறது.

எஞ்சியிருக்கும் மீனை முடிந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். டேங்க் கிளீனர் பாசியைச் சுரண்டித் தின்னுமே தவிர மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. அதுவே நிறையக் கழிக்கும், ஓர் அடிக்கு மேலும் வளரும். பாவம் என்று வெள்ளவத்தைக் கால்வாயிலோ தியவன்னா வாவியிலோ விட்டுவிட வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த இனம் இப்படியே எங்கள் நீர்நிலைகளிலும் பரவியிருக்கிறது. கொடுக்கும்வரை அகன்ற பேசினில், ஒரு நாள் தெளிய வைத்து, குளோரின் நீக்கும் துளியும் விட்ட தண்ணீரில் வைத்து, தினமும் பாதியை மாற்றுங்கள்.

மறுபடியும் கோல்ட் பிஷ்தான் வேண்டுமென்றால், இரண்டுக்கு 100 லீற்றருக்குக் குறையாத தொட்டி வேண்டும். ஒரு சாண் அளவுக்கு வளர்ந்து பத்து வருடங்களுக்கு மேலும் வாழக்கூடிய மீன் அது. 100 லீற்றர் தண்ணீரே 100 கிலோ. தொடர்மாடியில் கண்ணாடி மேசை மீது வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். என் விருப்பம், 20 லீற்றர் தொட்டியில் சிறு பஞ்சு வடிகட்டியோடு தனியாக ஒரு ஃபைட்டர் மீன். கொழும்பின் சூடு அதற்குப் பொருந்தும். காற்றை நேரடியாகவும் சுவாசிக்கும். பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்து போடுங்கள்.

எதுவாயினும் முதல் மாதம் தொட்டியில் மீன் வேண்டாம். தண்ணீரும் வடிகட்டியும் ஓடட்டும். நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டால் அது அழுகி, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய அமோனியாவைக் கொடுக்கும். தண்ணீரைச் சோதிக்கும் துளிச் சோதனைப் பெட்டியில் அமோனியாவும் நைத்திரைற்றும் முதலில் ஏறிப் பிறகு இரண்டுமே பூச்சியமாகும் நாளில் மீன் வாங்கப் போகலாம். அந்தச் சிட்டிகை உணவை மகளே போடட்டும். மீனில்லாத தொட்டிக்கு ஏன் சாப்பாடு என்று அவள் கேட்டால், கண்ணுக்குத் தெரியாதவர்கள் முதலில் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள்.