வீட்டில் 9 எம்எம் தோட்டா நிரப்புகிறவர்கள் மலிவான குண்டு என்று எதை வாங்கலாம்?

மலிவான குண்டு வாங்கினால் துப்பாக்கிக் குழல் பாழாகிவிடாதா என்று கேள்வியின் கடைசி வரியில் நீங்கள் சேர்த்திருக்காவிட்டால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். டெக்சஸில் நான் போகும் ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) இதே சந்தேகத்தை, சந்தேகமாக இல்லாமல் நக்கலாகப் பலர் சொல்லிக் கேட்டுச் சலித்தவன் நான். நீங்கள் 9 எம்எம் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர், சாதாரண பிரஸ் (தோட்டா நிரப்பும் கருவி) ஒன்றில் வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர், பதினைந்து இருபது கெஜத்தில் காகித இலக்கைச் சுட்டுப் பழகுபவர் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். வேட்டைக்காரர் என்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. குண்டு என்று நான் சொல்வது சுட்டதும் பறந்து போகும் முனைப் பகுதியை மட்டும்; அதோடு கேஸ் (பித்தளைக் கூடு), பிரைமர் (தீப்பொறி தரும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து) எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா.

நீங்கள் எச்-1பி விசாவில் இருப்பவராக இருந்தால், குண்டு வாங்குவதற்கு முன்னால் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலொழிய, அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அது மட்டுமல்ல, காலி கேஸ், பிரைமர், பவுடர், தனிக் குண்டு ஆகியவற்றையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தோட்டாக் கணக்கிலேயே சேர்க்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகே நான் இந்தப் பக்கம் தலைவைத்தேன்.

பித்தளைக் கேஸைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்பதால், ஒரு தோட்டாவின் செலவில் பெரும்பகுதி குண்டுக்குத்தான் போகிறது. ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான். செம்பு உறையிட்ட குண்டு விலை கூடியது. செம்பு முலாம் மட்டும் பூசியது அதைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் தயாரிப்பாளர் குறிப்பிடும் வேக வரம்பைத் தாண்டக் கூடாது. இவை இரண்டைவிடவும் பொதுவாக மலிவாகக் கிடைப்பது பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற) பூச்சு ஏறிய வார்ப்பு ஈயக் குண்டு. என் பதில் அதுதான். விலையை ஒப்பிடும்போது தபால் செலவையும் சேர்த்துப் பாருங்கள்: குண்டின் எடையைக் கிரெயினில்தான் சொல்வார்கள், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்பதால், 124 கிரெயின் குண்டுகள் ஆயிரம் சேர்ந்தால் ஏறத்தாழ 17.7 பவுண்டு எடை வரும். 70 பவுண்டு வரை ஒரே கட்டணத்தில் ஏற்கும் அஞ்சல் துறையின் பிளாட் ரேட் பெட்டியில் அனுப்பும் விற்பனையாளர், பட்டியலில் விலை கூடத் தெரிந்தாலும், கைக்கு வந்து சேரும்போது மலிவாக முடியலாம்.

பக்கத்து மேசைக்காரர் ஒருவர் என் பெட்டியிலிருந்த சிவப்புப் பூச்சுக் குண்டுகளைப் பார்த்து, லிப்ஸ்டிக் வியாபாரமா என்று கேட்டார். அன்று சுட்டு முடித்தபின் குழலைக் கழற்றி அவரிடமே நீட்டி, உள்ளே பார்க்கச் சொன்னேன்; ஈயத் தடம் எதுவும் இல்லை, ஒரு துணித்துண்டை இரண்டு முறை இழுத்ததும் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. அவர் அதற்குப் பின்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

பூச்சின் தரம் எல்லா விற்பனையாளரிடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், புதிய இடத்தில் வாங்கும்போதெல்லாம் நான் நூறு குண்டு மாதிரிப் பொட்டலம்தான் முதலில் வாங்குவேன். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு குண்டைத் தேய்ப்பேன். துணியில் நிறம் ஏறினால் பூச்சு அடுப்பில் சரியாக வேகவில்லை என்று பொருள். இன்னொன்றை இரும்புப் பாளத்தின்மேல் வைத்துச் சுத்தியலால் அடிப்பேன். ஈயம் அப்பளமாக நசுங்கினாலும் பூச்சு உரியாமல் அதனோடு சேர்ந்து விரிய வேண்டும். மிகக் குறைந்த விலைக்கு ஒரு விற்பனையாளர் அனுப்பியது இந்தச் சுத்தியல் அடியிலேயே செதில் செதிலாக உதிர்ந்தது. பணத்தைத் திருப்பித் தர அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை.

அளவையும் கவனியுங்கள். 9 எம்எம் உறைக் குண்டின் விட்டம் 0.355 அங்குலம் என்றால், வார்ப்பு ஈயக் குண்டைப் பொதுவாக 0.356க்குத் தருகிறார்கள், அது குழலை இறுக்கமாக அடைத்துக்கொண்டு போகாவிட்டால், பின்னாலிருந்து வரும் சூடான வாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தைக் குழலில் அப்பிவிடும். கேஸின் வாயை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பித்தளை விளிம்பே பூச்சைச் சீவிவிடும். பிரைமரும் பவுடரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செய்து, கழற்றிய குழலுக்குள் போட்டுப் பாருங்கள். ‘டக்’கென்று உட்கார்ந்து, விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்றி, குழலைக் கவிழ்த்ததும் தானாக விழ வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை, ஈயம் குறைவு என்பதால் 115 கிரெயின்தான் மலிவு. ஆனால் யூஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால், கிரெயினில் எடையை நொடிக்கு அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும்; 147 கிரெயின் குண்டு 870 அடி வேகத்திலேயே இதைத் தாண்டிவிடுகிறது, உதைப்பும் மென்மையாக இருப்பதாக என் கை சொல்கிறது. காகிதத்தில் ஓட்டை போடுவதற்கு மட்டும் என்றால் அந்தக் கூடுதல் காசு வீண்.

கிளாக் துப்பாக்கியின் பலகோணக் குழலில் (உட்புறம் பலகோண வடிவில் இருப்பது) ஈயம் கூடாது என்று யாராவது உடனே எழுதுவார்கள். வெறும் ஈயம் வேண்டாம் என்று அந்த நிறுவனம் சொல்வது உண்மைதான். நான் சொல்வது பூச்சுள்ளதைப் பற்றி, அதற்கும் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் முலாம் பூசியதை வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். எந்த வகையானாலும், அந்த எடைக்கும் அந்த வகைக்கும் தோட்டா நிரப்பும் கையேட்டில் தந்திருக்கும் பவுடர் அளவைத்தான் எடுக்க வேண்டும். உறைக் குண்டின் கணக்கை ஈயத்துக்குப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டேன். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. எங்கள் ஊர்த் தமிழர் பொங்கல் விழாவில் என்னைக் கண்டதும் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட அம்மணிக்கே நான் பதில் சொல்லவில்லை.

ரைஃபிளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. .223 என்ற ரைஃபிள் தோட்டா அளவுக்கு 55 கிரெயின் உறைக் குண்டை மொத்தமாக வாங்குவதுதான் சிக்கனம். ராணுவத் தோட்டாவிலிருந்து பிடுங்கிய 62 கிரெயின் குண்டுகள் இன்னும் மலிவாகக் கிடைத்தால், வாங்குமுன் ஒரு காந்தத்தை அவற்றின் முனையில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு இருக்கிறது, பல ரேஞ்சுகளில் அதைச் சுட விடமாட்டார்கள்.