நகரத்து மனிதர்கள் ஏன் இவ்வளவு கடுகடுப்பாக இருக்கிறார்கள்?

கடுகடுப்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அவசரம்தான். 1973இல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் வேறொரு கட்டடத்துக்குப் பேசப் போகும் வழியில் ஒருவர் வாசலோரம் சுருண்டு, இருமிக்கொண்டு கிடப்பார். நேரம் இருந்த மாணவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். 'தாமதமாகிவிட்டது' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். இத்தனைக்கும் அவர்களில் பலர் பேசப் போனதே அடிபட்டவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையைப் பற்றி!

ஆனால் எல்லாவற்றுக்கும் அவசரத்தைச் சாக்காகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சில்லறையை முகம் பாராமல் வீசுவதற்கும் கையில் கொடுப்பதற்கும் ஒரே நேரம்தான் ஆகிறது. கைக்குழந்தையோடு படியேறத் திணறிய பெண்ணின் பையை நேற்று ஓர் இளைஞர் கேட்டு வாங்கினார். மேல்படியில் வைத்துவிட்டு, அவரும் ஓட்டமாகத்தான் போனார்.