பழைய மாருதி 800 காலைல செல்ஃப் எடுக்கல, பேட்டரி மாத்தியே ஆகணுமா?

அவசரப்பட்டு மாத்தாதீங்க, முதல்ல அளந்து பாருங்க. அப்பாவோட 98 மாடல் 800 இதே மாதிரி காலைல "டக்"னு ஒரு சத்தத்தோட நின்னுடும், கடைல பேட்டரி போச்சுன்னாங்க, நானும் நம்பி புதுசு போட்டேன், நாலாவது நாள் மறுபடி அதே டக்.

சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல எதையும் ஆன் பண்ணாம பேட்டரில வச்சுப் பாருங்க, 12.6 வோல்ட் இருந்தா ஃபுல் சார்ஜ், 12.2னா பாதிதான், 12க்கு கீழன்னா இறங்கிடுச்சு. ஆனா இத மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது, செத்த பேட்டரி கூட சும்மா இருக்கும்போது 12.5 காட்டும். நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு, ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த நேரம் மீட்டரப் பாருங்க. ஃபுல் சார்ஜ்ல இருந்தும் 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரிதான் பெரும்பாலும் காரணம்.

எங்க வண்டில 11க்கு மேலயே நின்னுச்சு, ஹெட்லைட்டும் மங்கவே இல்ல, ஆனா இன்ஜின் சுத்தல. அப்பதான் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ண இன்ஜின் மேலயும் வச்சு செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட் தாண்டக் கூடாதாம், எங்களுக்கு 2 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. பேட்டரி மைனஸ்லேர்ந்து கியர்பாக்ஸுக்குப் போற எர்த் வயர் முனை துருப்பிடிச்சு பச்சையா பூத்துக் கிடந்துச்சு! எர்த் சரியில்லன்னா கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியா ஓடப் பார்க்கும், கேபிள் சூடாகி உருகக்கூட செய்யும், அதனால இத தள்ளிப் போடாதீங்க. கழட்டி உப்புத்தாள் போட்டு தேய்ச்சு இறுக்கினார், அவ்ளோதான், அதுக்கப்புறம் ஒரே சுத்துல எடுக்குது. டெர்மினல் கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது அது கடைசில, இத மறந்தா ஸ்பேனர் பாடில பட்டு பொறி பறக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் இன்னொரு தடவை அளங்க, 13.8லேர்ந்து 14.4 வரைக்கும் காட்டணும், 13 கூட தாண்டலன்னா டைனமோவோ பெல்ட்டோ பாக்கணும், அத விட்டுட்டு எத்தன பேட்டரி போட்டாலும் இறங்கும். சார்ஜிங் சரியா இருந்தும் ரெண்டு நாள் நிறுத்தினா இறங்குதுன்னா எங்கயோ கரண்ட் கசியுது, பெரும்பாலும் வெளில போட்ட மியூசிக் சிஸ்டம், அலாரம்தான். வண்டி ஆஃப்ல இருக்கும்போது மீட்டர ஆம்பியர்ல வச்சு, பேட்டரி மைனஸுக்கும் கழட்டின மைனஸ் வயருக்கும் நடுவுல மாட்டி, ஃபியூஸ ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க, எதக் கழட்டினா ரீடிங் இறங்குதோ அங்க சிக்கிடும்.

உங்க வண்டில செல்ஃப் அடிக்கும்போது லைட் மங்குதா இல்லையா, அத மட்டும் பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.