ஸ்போக்ஸ் சக்கரம் ஒரிஜினலா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பர்மிங்ஹாமில் வசிக்கிறேன். 1971ஆம் வருஷத்து எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றை, அதாவது கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கா போய்த் திரும்பி வந்த வண்டி. பளபளவென்று குரோம் பூசிய ஸ்போக்ஸ் சக்கரங்கள், சைக்கிள் மாதிரி கம்பி வைத்தவை. தொழிற்சாலையிலேயே போட்டது என்று விற்பவர் சத்தியம் செய்கிறார். கம்பிகளை எண்ணினேன், 72 இருக்கின்றன. இது ஒரிஜினல்தானா?

க.

அன்புள்ள க.,

எண்ணிப் பார்த்தது நல்லது. ஏபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்ஜிபி வந்தது 14 அங்குல ரிம், 60 கம்பியோடு. 72 என்றால் பிற்பாடு யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதற்காக விற்பவரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். ஐம்பது வருஷ வண்டியில் சக்கரம் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த வண்டி ஸ்போக்ஸ் சக்கரத்தோடு பிறந்ததா, நாலு போல்ட் போட்ட இரும்புச் சக்கரத்தோடு பிறந்ததா என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டியது. சக்கரத்தைக் கழற்றி ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தை, பார்த்தால் அது தெரிந்துவிடும்.

முதலில் முன் சக்கரம். ஒரிஜினல் என்றால் ஹப்பே பல் வெட்டிய ஒற்றை உருளையாக இருக்கும். அப்படி இல்லாமல், தனித் துண்டு ஒன்றை நாலு நட்டு போட்டு முடுக்கியிருந்தால் அது அடாப்டர், இரும்புச் சக்கர வண்டியில் ஸ்போக்ஸ் சக்கரம் ஏறுவதற்காகக் கடையில் வாங்கி மாட்டியது. இதே சோதனையைப் பின் சக்கரத்தில் செய்து குழம்பிக்கொள்ளாதீர்கள். அங்கே ஒரிஜினல் வண்டியிலும் பிரேக் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நாலு நட்டு இருக்கும். பின்பக்கத்துக்கு, வண்டிக்குப் பின்னால் நின்று டயரையும் மட்கார்டையும் பாருங்கள். ஸ்போக்ஸ் வண்டிக்கென்று நீளம் குறைந்த ஆக்ஸில் தனியாகச் செய்தார்கள். இரும்புச் சக்கர வண்டியின் நீள ஆக்ஸிலில் அடாப்டரும் ஏறிக்கொண்டால் டயர் வெளியே தள்ளி, மட்கார்டில் உரசப் பார்க்கும்.

அப்புறம் மரை. இதில் மட்டும் அலட்சியம் கூடாது. ஸ்போக்ஸ் சக்கரத்தைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே பெரிய நட்டு. அந்த நட்டுக்கு வண்டியின் இடப்பக்கம் சாதாரண மரை, வலப்பக்கம் எதிர்த்திசையில் முடுக்கும் இடது மரை. அதாவது வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுழலுமோ, அந்தப் பக்கம் திருப்பினால் நட்டு கழல வேண்டும். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். ஓடும்போது நட்டின் உட்கூம்பு சக்கரத்தின் கூம்பைச் சுற்றி மெல்ல உருண்டு, எதிர்த்திசையில் தானே இறுகிக்கொள்கிறது. யாராவது ஹப்பை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் அதே உருளல் நட்டைக் கழற்றிவிடும். சக்கரம் உங்களை முந்திக்கொண்டு போகும்.

அந்த நடு நட்டுக்கு, சுத்தியலால் தட்டித் திருப்ப வெளியே நீட்டிய இரண்டு காது இருக்கிறதா? 1968 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் புது வண்டிகளுக்குக் காது நட்டு கூடாது என்று ஆக்கிவிட்டார்கள், நடந்து போகிறவர்கள் மேல் பட்டுவிடும் என்று. உங்கள் வண்டி எட்டுப்பட்டை நட்டோடுதான் கப்பலேறியிருக்கும். இப்போது காது இருந்தால் அழகுக்கு மாற்றியது. குற்றமில்லை.

(எம்ஜிபியிலேயே எட்டு சிலிண்டர் எஞ்சினோடு, கூரை வைத்து வந்த வி8 ஜிடியை யாராவது ஸ்போக்ஸ் சக்கரத்தோடு காட்டி ஒரிஜினல் என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த எஞ்சினுக்கு அவர்கள் ஸ்போக்ஸ் கொடுக்கவே இல்லை.)

ஒரிஜினலோ இல்லையோ, நான் வாங்குவதாக இருந்தால் ஹப்பின் பல்லைத்தான் முதலில் பார்ப்பேன். பல்லின் தலை தட்டையாக இருக்கவேண்டும். கத்தி முனை மாதிரி கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக்கென்று ஆடினால் ஹப்பும் சக்கரமும் சேர்த்து மாற்றவேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் கொடுக்கிறது. ஸ்போக்ஸ் சக்கரம் கேட்டு வாங்கிய வண்டியா என்பது அதில் இருக்கும். சத்தியம் செய்கிறவரையே அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.