எந்தக் கணக்கைப் பார்ப்பது?
வாசகர் கேள்விகளுக்கு, வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மேலாளர் பதில் சொல்கிறார்

கேள்வி: வீட்டை ஒட்டிய ஷெட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். ஒரு கிலோ பாக்கெட் கடைக்கு 35 ரூபாய். தினம் 200 பாக்கெட் போகிறது. விற்பனை கூடியிருக்கிறது, கையில்தான் ஒன்றும் நிற்கவில்லை. மகன் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதில் முப்பது விதமான கணக்கு வருகிறது. எதைப் பார்ப்பது சார்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: முப்பதும் வேண்டாம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தினம் சராசரியா 26 பாக்கெட் ரிட்டர்ன் வந்துடும், அது மாமூல்தான்." அந்த மாமூலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியபடி அரிசி, உளுந்து, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து பாக்கெட்டுக்கு 24 ரூபாய். வண்டிச் செலவு 3. ஆக அடக்கம் 27, விற்றால் 8 ரூபாய் நிற்கும். இருநூறும் விற்றால் நாளைக்கு 1,600. ஆனால் காசு வருவது 174 பாக்கெட்டுக்கு மட்டும்: 6,090 ரூபாய். செலவு இருநூறுக்கும் ஆகிவிட்டது: 5,400. மிச்சம் 690. மாதத்துக்கு 20,700. உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் 14,000, கிரைண்டர் கடன் தவணை 6,500 என்கிறீர்கள். இரண்டையும் கொடுத்த பிறகு உங்களுக்கு நிற்பது 200 ரூபாய். ஒரு நாளைக்கு அல்ல, ஒரு மாதத்துக்கு.

ஒரு பாக்கெட் புளித்துத் திரும்பினால், அந்த 27 ரூபாயை எடுக்க மூன்று பாக்கெட்டுக்கு மேல் விற்றாக வேண்டும். இது தெரியாமல் இன்னும் நாலு கடை பிடித்தால் ரிட்டர்னும் சேர்ந்து வளரும்.

ஆப்பை மூடிவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கடைக்கு ஒரு பக்கம். தேதி, கிழமை, போட்டது, திரும்பியது. நாலே கட்டம். மாவு போடும் பையனே எழுதட்டும். இரண்டு வாரத்தில் படம் தெரிந்துவிடும்: 26 பாக்கெட்டும் எல்லாக் கடையிலிருந்தும் சமமாக வராது. பெரும்பாலும் நாலைந்து கடைதான் வில்லன். ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் கடை ஒன்று இருக்கும். புது பாக்கெட்டை முன்னால் வைத்து நேற்றைய பாக்கெட்டைப் பின்னால் தள்ளும் கடை ஒன்று இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதல் கடைக்குக் காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று போடுங்கள். இரண்டாவது கடையில் பையனே அடுக்கிவிட்டு வரட்டும்.

கிழமைக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அமாவாசை, கிருத்திகை, சனிக்கிழமை விரதம் என்றால் ராத்திரி பல வீட்டில் டிபன்தான், மாவு கூடப் போகும். மறுநாளும் அதே எண்ணிக்கை போட்டால் திரும்பத்தான் செய்யும். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரிட்டர்ன் மறுநாள் காலையில்தான் கைக்கு வருகிறது. அப்போது தெரிந்து என்ன பயன்? சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைக்காரருக்கு போன் போட்டு "அண்ணே, எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். அன்று ராத்திரி எத்தனை படி அரிசி ஊறப்போட வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் சொல்லும்.

மகனிடம் கோபம் வேண்டாம். ரிட்டர்ன் பத்துக்குக் கீழே வந்த பிறகு அந்த ஆப்புக்கும் வேலை இருக்கும்.

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 2024 நவம்பர் விற்பனை, 2023 நவம்பரில் பாதிகூட இல்லை. அன்றிலிருந்து மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்த்து பயந்துகொண்டே இருக்கிறேன்.
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. உங்கள் நவம்பர் எங்கே போனது என்று அக்டோபர் பில் புத்தகத்தைப் பாருங்கள். 2025-இல் அது அக்டோபர் 20-க்கே வந்துவிட்டது, அப்போது செப்டம்பர் கடைசியிலேயே கூட்டம் தொடங்கியிருக்கும். ஜவுளிக்கு ஜனவரி, பிப்ரவரி என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. தீபாவளிக்கு முந்தைய முப்பது நாளை, போன தீபாவளிக்கு முந்தைய முப்பது நாளோடு வையுங்கள். ஆடியை ஆடியோடு வையுங்கள். கல்யாணப் பட்டு விற்பவர் என்றால் அந்த மாதத்தில் எத்தனை முகூர்த்த நாள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனியன் ஜாப் ஒர்க் யூனிட், பார்ட்டிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். மாதம் 12 லட்சத்துக்கு பில் போடுகிறேன், ஆர்டர் குறையவே இல்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளத்துக்குக் கைமாற்று வாங்குகிறேன். பார்ட்டிகளிடம் 36 லட்சம் நிற்கிறது.
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நிலுவையை மாத பில்லால் வகுத்து 30-ஆல் பெருக்குங்கள். 90 நாள். டைலருக்கும், அவருக்கு உதவியாக நிற்கும் கைமடிக்கும் ஏழு நாளில் கொடுக்கிறீர்கள், உங்களுக்குத் தொண்ணூறு நாளில் வருகிறது.

வங்கியில் நாங்கள் சிறுதொழிலுக்கு நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழில் ஓட்டத் தேவையான பணம், எவ்வளவு என்று கணக்குப் போட நாயக் குழு முறை என்று ஒன்று வைத்திருந்தோம். 1990-களின் தொடக்கத்தில் வந்தது. ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் மூலதனம் தேவை, அதில் 20 வங்கி தரும், 5 உங்களுடையது. உங்கள் ஆண்டு விற்பனை 1.44 கோடி, அதில் கால் பங்கு 36 லட்சம். அந்த முழுத் தொகையும் பார்ட்டியிடமே நிற்கிறது என்றால் சம்பளத்துக்கு எதை எடுப்பீர்கள்?

மொத்தச் சராசரி ஏமாற்றும், பார்ட்டி வாரியாகப் பிரியுங்கள். முதல் பார்ட்டி: பில் 4 லட்சம், நிலுவை 4 லட்சம், 30 நாள். இரண்டாமவர்: பில் 2, நிலுவை 4, 60 நாள். மூன்றாமவர்: பில் 6, நிலுவை 28, அதாவது 140 நாள். "அவர்தான் நல்ல பார்ட்டி, பீஸுக்கு 50 காசு கூடத் தருகிறார், 15 ரூபாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால், 28 லட்சத்துக்கு மாதம் 28,000. அவருக்குத் தைக்கும் 40,000 பீஸில் வகுத்தால் பீஸுக்கு 70 காசு. முதல் பார்ட்டிக்கு இதே கணக்கில் சுமார் 15 காசு. வித்தியாசம் 55. அவரிடம் 50 காசு கூட வாங்கி 55 காசு விடுகிறீர்கள். கைமாற்று வட்டி 12 சதவீதத்தில் நிற்காது என்பது எனக்கும் தெரியும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. ஆனால் வேலை தரும் பார்ட்டி மேல் புகார் கொடுக்க யாருக்கும் மனம் வராது, உங்களையும் நான் வற்புறுத்த மாட்டேன். அதைவிட வசதியான பிடி ஒன்று இருக்கிறது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டி மார்ச் 31-இல் நிலுவையில் நிற்கும் பில்லை அந்த ஆண்டுச் செலவாக பார்ட்டி காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். அதனால் உங்கள் உத்யம் பதிவு எண்ணை, அதாவது குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த எண்ணை, ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். பிப்ரவரி கடைசியில் நிலுவைப் பட்டியலை பார்ட்டியின் முதலாளிக்கு மட்டும் அனுப்பாமல், அவருடைய அக்கவுண்டன்ட்டுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.