ஆடிக் காற்றில் தனியாக ஆறு வாரம்: எந்தக் கடலில் முங்கலாம்?

கேள்வி: சொந்த ஊர் சேலம், இப்போது பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறேன். வேலை மாறும் இடைவெளியில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை ஆறு வாரம் கிடைத்திருக்கிறது. போன ஜனவரியில் அந்தமானில் ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலை ஸ்கூபா பயிற்சி முடித்தேன். அதற்குப் பிறகு சில டைவ்கள்தான். தனியாகப் போகிறேன். சைவம். குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. எல்லாச் செலவும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய். மறுபடி அந்தமானா, மாலத்தீவா, தாய்லாந்தா, எகிப்தின் தஹாப்பா?

பதில்: முதல் இரண்டு வாரம் தாய்லாந்தின் கோ தாவ் தீவு, மீதி நான்கு வாரம் பாலியின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலாம்பென், அமெட் கிராமங்கள். உங்கள் மாதத்துக்கும் பணத்துக்கும் அனுபவத்துக்கும் இதைத்தான் சொல்வேன். மூன்றாவதாக ஓர் இடத்தைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு இடமாற்றமும் இரண்டு மூன்று டைவ் நாட்களைத் தின்றுவிடும்.

முதலில் மாதத்தைப் பார்ப்போம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கரையில் இருப்பவர்களுக்குச் சொன்னது. கடலில் அந்தத் தென்மேற்குக் காற்று மேற்குப் பார்த்த கரைகளை எல்லாம் மூடிவிடுகிறது. நம் பக்கத்து முருடேஸ்வரில் நேத்ராணி தீவுக்குப் படகு கிடையாது. அந்தமானில் டைவ் சீசன் அக்டோபரிலிருந்து மே வரைதான். ஜூலையில் போனால் படகு ரத்து, கலங்கிய தண்ணீர், அறை வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தாய்லாந்துக்குள்ளேயே மேற்குக் கரையில் இருக்கும் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை அரசே மூடி வைக்கிறது. 'தாய்லாந்து போகிறேன்' என்று புக்கெட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டு முழிப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். ஆகவே இந்த மாதங்களில் காற்றுக்கு முதுகு காட்டி இருக்கும் கரைகளைத் தேடுங்கள்: இலங்கையின் கிழக்குக் கரை, தாய்லாந்து வளைகுடா, மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் பாலிக்கு இது மழை இல்லாத பருவம்.

அடுத்தது தனியாகப் போவது. விலைப்பட்டியலில் தெரியாத பெரிய செலவு இதில்தான் ஒளிந்திருக்கிறது. பல தீவுகளில் டைவ் ஷாப்பின் பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: குறைந்தது இரண்டு பேர், அல்லது நாலு பேர். ஒற்றை ஆளாக நீங்கள் போய் நின்றால் 'இன்னொருவர் வந்ததும் போகலாம்' என்பார்கள், அல்லது படகுச் செலவு முழுவதையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். நான்கு நாள் பயணத்தில் இது எரிச்சல், அவ்வளவுதான். ஆறு வாரத்தில் பட்ஜெட்டையே உடைத்துவிடும். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு டைவ் என்ன விலை என்பதை மட்டும் அல்ல, ஒருவருக்காகவும் அங்கே டைவ் நடக்குமா என்பதையும்தான். அப்படி நடக்கும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, தனியாக வருபவர்கள் கூட்டமாக இருப்பதால் படகு தினமும் நிரம்பும் இடம். இன்னொன்று, படகே தேவைப்படாமல் கரையிலிருந்து நடந்து கடலுக்குள் இறங்கும் இடம். கோ தாவ் முதல் வகை, துலாம்பென் இரண்டாவது வகை.

மாலத்தீவு இந்தக் கணக்கில் தோற்றுவிடுகிறது. உள்ளூர்த் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் வந்த பிறகு தங்கும் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் டைவ் விலை டாலரில், அதன் மேல் வரி, சேவைக் கட்டணம். உங்கள் பணத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது.

சரி, கோ தாவ். வெறும் 21 சதுர கிலோமீட்டர் தீவு, அதில் எண்ணி முடியாத அளவு டைவ் பள்ளிகள். போட்டி அதிகம் என்பதால் ஒரு டைவ் சுமார் ஆயிரம் பாத், அதாவது ஏறத்தாழ 2,700 ரூபாய். பத்தாகச் சேர்த்து வாங்கினால் குறையும். தண்ணீர் 28, 29 டிகிரி. பாங்காக்கிலிருந்து இரவுப் பேருந்தோ ரயிலோ பிடித்து சும்போன், அங்கிருந்து படகு. இந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு இரண்டு வேலை. முதலாவது, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சி. ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு 18 மீட்டர் ஆழம் வரைதான் போகலாம். அட்வான்ஸ்டு முடித்தால் 30. துலாம்பென்னில் நீங்கள் பார்க்கப்போகும் மூழ்கிய கப்பலின் பாதி அந்த ஆழ இடைவெளியில்தான் கிடக்கிறது. இரண்டாவது, நைட்ராக்ஸ் பயிற்சி. ஆக்சிஜன் கூடுதலாக உள்ள இந்தக் காற்று, ஆழத்தில் உடம்பில் சேர்ந்து மேலே வரும்போது ஆபத்தாகும் நைட்ரஜனை 32 சதவீதக் கலவையில் குறைக்கும். வாரக்கணக்கில் தினமும் இரண்டு மூன்று முறை முங்கப்போகும் உங்களுக்கு இது வீண் செலவு அல்ல. ஆனால் அதே கலவையோடு சுமார் 34 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஆக்சிஜனே நஞ்சாகிவிடும். மலிவு என்பதற்காகக் கூட்டமான பள்ளியில் சேர்ந்துவிடாதீர்கள். முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் அவசர ஆக்சிஜன் உண்டா, நைட்ரஜன் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை பக்கத்தில் எங்கே? நாலு பேருக்கு ஒருவர் என்றால் நல்லது. பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள், அங்கே கடைகளுக்குப் பஞ்சமே இல்லை.

சாப்பாட்டுக்கு அந்தத் தீவில் கொஞ்சம் கவனம் வேண்டும். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விடுவார்கள். 'ஜே' என்று கேட்டால் பௌத்த விரதச் சாப்பாடு என்று புரிந்துகொண்டு மீனும் முட்டையும் இல்லாமல் தருவார்கள். அதில் வெங்காயம், பூண்டும் இருக்காது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. துலாம்பென்னில் கரையிலிருந்து முப்பது மீட்டர் தூரத்திலேயே ஒரு முழுக் கப்பல் கிடக்கிறது. யு.எஸ்.ஏ.டி. லிபர்ட்டி, சுமார் 120 மீட்டர் நீளமான அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் லொம்பொக் நீரிணையில் ஜப்பானிய நீர்மூழ்கி அதைத் தாக்கியது. இழுத்து வந்து இந்தக் கரையில் ஏற்றினார்கள். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது நிலம் குலுங்கி, கப்பல் கடலுக்குள் சரிந்தது. அதன் மேல் பகுதி ஐந்து மீட்டரில், அடிப் பகுதி முப்பது மீட்டரில். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல இடம் ஆசியாவில் எனக்குத் தெரியாது. ஒரே கப்பலை முதல் நாள் பத்து மீட்டரில் பார்க்கலாம், பத்தாவது நாள் இருபத்தைந்தில், அப்புறம் ஓர் இரவில் டார்ச்சோடு. அவசரப்படுத்தப் படகு இல்லை. உங்கள் சிலிண்டரை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த வேலையை நம்பி அங்கே பல குடும்பங்கள் இருக்கின்றன, தாராளமாகக் கொடுங்கள்.

கரை மணல் அல்ல, உருண்டைக் கற்கள். அலை இருக்கும் நாளில் ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மாட்டிக்கொண்டு கற்களில் நிற்பது கஷ்டம், கெட்டியான அடி உள்ள பூட்டி என்ற டைவ் காலணி கட்டாயம் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் சுற்றுலாக் கூட்டமும் அதிகம். காலை ஒன்பது மணிக்குக் கப்பலில் நெரிசல். ஆறரைக்கே இறங்கிவிட்டால் மொத்தக் கப்பலும் உங்களுடையது. பாலியின் தலைநகரான தென்பசார் பக்கமிருந்து பகல் பயணமாக வருபவர்களுக்கு அது முடியாது, அங்கேயே தங்குபவர்களுக்குத்தான் முடியும். அமெட்டில் வீட்டோடு சேர்ந்த அறைகள் நாளுக்கு 1,500 ரூபாய் அளவில் கிடைக்கும், மாத வாடகை பேசினால் இன்னும் குறைப்பார்கள். டெம்பே, டோஃபு, நிலக்கடலைச் சாந்து போட்ட காடோ காடோ என்று சைவத்துக்கு வழி இருக்கிறது. இறால் விழுது சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாலி முழுவதும் வெதுவெதுப்பான தண்ணீர் என்று நினைக்காதீர்கள். இதே மாதங்களில் நூசா பெனிடா தீவில் மோலா மோலா என்ற ராட்சத மீனைப் பார்க்கக் கூட்டம் அள்ளும். அந்த மீன் மேலே வருவதே ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் பொங்கி வருவதால்தான். அங்கே திடீரென்று 20 டிகிரிக்கும் கீழே இறங்கும், நீரோட்டமும் ஆளை இழுத்துக்கொண்டு போகும். உங்கள் அனுபவத்துக்கு இந்த முறை வேண்டாம். துலாம்பென்னில் 26 முதல் 28 வரை இருக்கும். அதுவும்கூட நாலு நாள் தொடர்ந்து முங்கினால் குளிரும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். கடையில் வாடகைக்குத் தரும் அரைக் கை வெட்சூட்டை நம்பாமல், உங்கள் அளவுக்குப் பொருந்தும் முழு நீள 3 மில்லிமீட்டர் சூட் ஒன்றைப் பெங்களூருவிலிருந்தே வாங்கிப் போங்கள். மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், மேலே வரும்போது ஊதி விடும் ஆரஞ்சு மிதவை, இவையும் சொந்தமாக இருக்கட்டும். தெரியாத ஆளோடு ஜோடி சேர்ந்து முங்கும்போது உங்கள் கையில் இருக்கும் கம்ப்யூட்டரை மட்டும்தான் முழுதாக நம்பலாம். மூச்சு விட உதவும் ரெகுலேட்டர், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பிசிடி அங்கி எல்லாம் அங்கே வாடகைக்குப் போதும்.

தஹாப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கரையிலிருந்தே இறங்கும் டைவ், குறைந்த விலை, அவரைக்கொட்டை மசியலான ஃபூல், அரிசியும் பருப்பும் கலந்த கோஷரி என்று சுலபமான சைவச் சாப்பாடு. எல்லாம் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் பெங்களூருவிலிருந்து விமானச் செலவு அதிகம், விசாவுக்கு முன்கூட்டியே அலைய வேண்டும். பின்னொரு வருடம் அக்டோபர் பக்கம் விடுப்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். டிசம்பர் தாண்டினால் அங்கே தண்ணீர் 22 டிகிரிக்கு வந்துவிடும், உங்களுக்கு ஆகாது.

நீங்கள் கேட்காத ஓர் இடம் திருகோணமலை. பணம் குறைந்தாலோ, விடுப்பு மூன்று வாரமாகச் சுருங்கினாலோ அதுதான் என் மாற்று யோசனை. கொழும்புக்கு நேரடி விமானம், அங்கிருந்து பேருந்து. கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் கிழக்குக் கடல் காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் கரும்முனைச் சுறாக் குட்டிகளைப் பார்க்கலாம். கோணேசர் கோயில் மலைக்கு நேர் கீழே, போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்கள் கிடக்கின்றன. டைவர் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் 1956-ல் முங்கிக் கண்டெடுத்த இடம் அது. சைவச் சாப்பாடும் தமிழும் தெருவெல்லாம் கிடைக்கும். ஆறு வாரத்துக்கு வகை போதாது, டைவ் கடைகளும் குறைவு என்பதால்தான் முதல் யோசனையாகச் சொல்லவில்லை.

சொந்தமாக வாங்கும் சூட், மாஸ்க், கம்ப்யூட்டர் நீங்கலாகப் பணக் கணக்கு இப்படி வருகிறது. பெங்களூரு, பாங்காக், தென்பசார், மறுபடி பெங்களூரு என்ற மூன்று விமானங்களுக்கு ஐம்பதாயிரம் ஒதுக்குங்கள். கோ தாவில் பயிற்சிகளும் ஆறேழு டைவ்களும் சேர்ந்து அறுபதாயிரம். பாலியில் வழிகாட்டியோடு முப்பது டைவ், சுமார் அறுபத்தைந்தாயிரம். தங்க அறுபதாயிரம், சாப்பாட்டுக்கு முப்பதாயிரம், விசா, காப்பீடு, உள்ளூர்ப் பயணம் எல்லாம் இருபதாயிரம். பதினைந்தாயிரம் கையில் மிஞ்சும், அதைத் தொடாதீர்கள். இந்தோனேசியாவில் இறங்கியதும் ஐந்து லட்சம் ரூபியா கட்டி 30 நாள் விசா வாங்கலாம். நாலு வாரத்துக்கு அது போதும். தாய்லாந்தின் விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கும். பாலிசியில் ஆழ வரம்பும் அழுத்த அறைச் சிகிச்சையும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டான் போன்ற டைவர்களுக்கான அமைப்பின் காப்பீட்டை எடுங்கள். துலாம்பென்னிலிருந்து தென்பசாரில் இருக்கும் அழுத்த அறைக்குக் காரில் மூன்று மணி நேரம் வரை ஆகும், அந்தச் செலவை நீங்கள் கையிலிருந்து கட்ட முடியாது. ஸ்கூட்டர் ஓட்டுவதாக இருந்தால் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் உரிமத்தில் இரு சக்கர வாகனம் இருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்பீடு கை விரித்துவிடும். டைவிங் மருத்துவப் படிவத்தில் சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று வந்தால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள், அதைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். ஜனவரிக்குப் பிறகு இடைவெளி விழுந்திருப்பதால் பெங்களூருவிலேயே ஒரு நீச்சல் குளத்தில் மறுபயிற்சி எடுப்பதும் நல்லது.

நீண்ட பயணத்தைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் சுறாவும் இல்லை, ஆழமும் இல்லை. காதுதான். தினமும் ஊறும் காதுத் துளையில் தொற்று வந்தால் ஒரு வாரம் போச்சு. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள், சொட்டு மருந்தை இ.என்.டி. மருத்துவரிடம் இங்கேயே கேட்டு வாங்குங்கள். ஐந்து நாளுக்கு ஒரு நாள் முழு ஓய்வு.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் என்பது விதி. ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். அந்த நாளில் கிந்தாமணிக்கு எரிமலை பார்க்கப் போகலாம் என்று அறைக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். அது நந்தி மலை அளவு உயரம், சுமார் 1,500 மீட்டர். உடம்பில் நைட்ரஜன் இருக்கும்போது அந்த உயரமும் ஆபத்துதான். எரிமலைப் பயணத்தைப் பாலியில் இறங்கிய முதல் நாளிலேயே, டைவ் தொடங்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள்.